கண்ணாடித்தாள் பிரிக்காத புத்தகம்

ரெய்க்யவிக்
30 டிசம்பர் 1983

அன்புள்ள அக்கா,

பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. புகைபோட்ட ஆட்டிறைச்சியைப் பார்த்ததும் ஹோர்துர் உனக்குக் கோயில் கட்ட வேண்டும் என்றார். இலை ரொட்டியில் இரண்டுதான் நொறுங்கியிருந்தன. நொறுங்கியதை நானே தின்றுவிட்டேன்.

புத்தகத்துக்கு நன்றி. பதினோராம் அத்தியாயத்துக்குக் கைக்குட்டை எடுத்து வைத்துக்கொள் என்று அட்டையில் எழுதியிருந்தாய். நீ சொன்னபடியே அழுதேன். கலங்கரை விளக்கக்காரன் அப்படிச் செய்வான் என்று நான் நினைக்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஹோர்துரின் தங்கை ஹெர்தீஸ் விவாகரத்துக்குப் பிறகு எங்கள் மாடிக்குக் குடிவந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அவளும் எனக்கு அதே புத்தகத்தைத்தான் வாங்கியிருந்தாள். சாப்பிட்டு முடித்துப் பரிசுகளைப் பிரித்தால் என் மடியில் இரண்டு கலங்கரை விளக்கம். எல்லாரும் சிரித்தோம். அரிசிக் கஞ்சியில் அதிர்ஷ்டத்துக்கு ஒளித்து வைக்கும் ஒற்றைப் பாதாமும் அவளுக்குத்தான் வந்தது, இந்த வருடம் அவள் ராசி அப்படி. கடை திறந்ததும் போய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஹோர்துருக்கு ஆற்று மீன்பிடிப்பு பற்றிய புத்தகம் ஒன்று வாங்கி வந்தேன். வழக்கம்போல ஊரே மாற்றும் வரிசையில் நின்றது.

நான் அனுப்பிய கவிதைப் புத்தகம் பிடித்ததா? ஹெர்தீஸ்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு இதிலெல்லாம் நல்ல ஞானம்.

அத்தானுக்கும் ஆடுகளுக்கும் என் அன்பு.

உன் உன்னூர்

*

ஹோல்ட் பண்ணை
6 ஜனவரி 1984

உன்னூர்,

எதை மாற்றினாய்?

என்னுடையதையா, அவளுடையதையா?

போனில் கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் லைனில் ஏழு பண்ணை தொங்குகிறது. எங்கள் மணி அடித்தால் பள்ளத்தாக்கு முழுக்க ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்ளும். குறிப்பாக மேல்பண்ணை ஹால்லா. அவள் மூச்சு விடுவதை வைத்தே அவளுக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று நான் சொல்லிவிடுவேன். அதனால் நீயும் போன் செய்யாதே. எழுது.

இன்று கிறிஸ்துமஸின் கடைசி நாள். உன் அத்தான் ஆஸ்கெய்ர் மெழுகுவர்த்திகளை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். கவிதைப் புத்தகத்தின் மேல் காபிக் கெட்டிலை வைக்கிறேன். சரியான அளவு.

ஸ்வாவா

*

ரெய்க்யவிக்
14 ஜனவரி 1984

அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு நீ சிரிக்க எழுதவில்லை என்று புரிந்தது.

இரண்டும் ஒரே புத்தகம். ஒரே அச்சகம், ஒரே அட்டை. முதுகில் இருக்கும் சின்ன மீன் படம்கூட ஒன்றே. எதை வைத்துக்கொண்டால் என்ன? கதை மாறிவிடுமா?

இங்கே மழையும் பனியும் மாறி மாறி. ஹெர்தீஸ் சாயங்காலம் சிகரெட்டும் காபிக் கோப்பையுமாகக் கீழே வந்துவிடுவாள். இருவரும் படித்ததைப் பற்றிப் பேசுவோம். அவளுக்கும் பாவம், பேச ஆள் இல்லை. நீ அவளை ஒருமுறை பார்த்தால் உனக்கும் பிடித்துவிடும்.

ஹோர்துருக்கு மீன் புத்தகம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

உன் உன்னூர்

*

ஹோல்ட்
27 ஜனவரி 1984

உன்னூர்,

பிறந்தநாளுக்கு நீ போன் செய்ததற்கு நன்றி. செய்யாதே என்று எழுதியிருந்தேன். என் வாயைப் பிடுங்கப் பார்த்தாய், நான் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டேன். நீ வைத்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நான் ரிசீவரை வைக்கப் போகும்போது ஹால்லாவின் குரல் கேட்டது.

"ஏன்டி ஸ்வாவா, அவ எதை மாத்தினான்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே?"

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"போஸ்ட் கொண்டுவர்றவன்கிட்ட உங்க வீட்டுக்காரர் புலம்பியிருக்காரு. தங்கச்சி புக்கை மாத்தினதுல பொண்டாட்டி பத்து நாளா பேசமாட்டேங்கறான்னு. சொல்லுடி, எங்களுக்கும் தூக்கம் வரல."

கீழ்ப்பண்ணைக்காரரும் லைனில்தான் இருந்திருக்கிறார். இருமினார்.

இந்த அழகில் நான் இருக்கிறேன். நீ என்னவென்றால் சின்ன மீன் படத்தைப் பற்றி எழுதுகிறாய்.

ஒரே புத்தகம் என்கிறாய். ஒரே புத்தகமா? நவம்பரில் புத்தகப் பட்டியல் வந்ததும் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். ஆஸ்கெய்ர் தொடுமுன் அதைத் தூக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவேன். பென்சிலால் குறித்து, அடித்து, மறுபடி குறித்து, உனக்கு எது என்று முடிவு செய்ய எனக்கு ஒரு வாரமாவது ஆகும். கூட்டுறவுக் கடையில் பால்மி ஒரே ஒரு பிரதிதான் வந்திருக்கிறது, அதைப் பள்ளி ஆசிரியர் வீட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன் என்றான். டிராக்டரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அவன் தருகிறவரை நான் நகரவில்லை. ஆசிரியர் குடும்பம் இன்றுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. உன் மாடிக்காரி என்ன செய்தாள்? வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் கடைக்குள் நுழைந்து கையை நீட்டியிருப்பாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி வானொலியில் வீடு வீடாக அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து வாசிக்கும்போது, திருக்கை மீன் அடுப்பில் கொதிக்கக் கொதிக்கக் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வருடா வருடம் "உன்னூர், ஹோர்துர்" என்று வரும். இந்த வருடம் "உன்னூர், ஹோர்துர், ஹெர்தீஸ்" என்று வந்தது. ஹெர்தீஸ் யார் எனக்கு வாழ்த்துச் சொல்ல? அவளை நான் கண்ணால் கண்டதில்லை.

ஆமாம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்குப் பொறுமை இல்லை. நாம் இருவரும் ஒரே இறகுப் போர்வைக்குள் தலைமாற்றிப் படுத்துக்கொண்டு, உன் கால் என் விலாவில் இடிக்க இடிக்கப் படித்தோமே, அந்த இடத்தில் இப்போது அவள் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

எதை மாற்றினாய்?

ஸ்வாவா

*

ரெய்க்யவிக்
9 பிப்ரவரி 1984

அக்கா,

சரி. கேட்டுக்கொள்.

உன்னுடையதைத்தான் மாற்றப் போனேன்.

கடையில் ஒரு மணி நேரம் நின்று முன்னே போனேன். அந்தப் பெண் உன் புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடித்தாள் உறையின் ஓரத்தை நகத்தால் தடவினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இதை யாரோ படிச்சுட்டு இஸ்திரி போட்டு ஒட்டியிருக்காங்களே" என்றாள். உறை பிரிந்தால் மாற்ற மாட்டார்கள் என்று உனக்கே தெரியும். எனக்குப் பின்னால் நின்ற கிழவர், "வடக்கேயிருந்து வந்த புக்காம்மா? அங்க எல்லாரும் அப்படித்தான்" என்றார். வரிசையே சிரித்தது. நான் காது வரை சிவந்துபோய் வீட்டுக்கு வந்து, ஹெர்தீஸ் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி போய் நின்றேன். அதன் உறையில் ஒரு கீறல் இல்லை. உடனே மாற்றிக் கொடுத்தார்கள்.

ஆக, என்னிடம் இருப்பது உன் புத்தகம். நீ ஜெயித்துவிட்டாய். இதை முதலிலேயே எழுதியிருந்தால் நீ பள்ளத்தாக்கு முழுக்கப் போன் போட்டுச் சொல்லியிருப்பாய். அதனால்தான் எழுதவில்லை. நான் உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை அக்கா, கடைக்காரப் பெண்தான் உன்னை என்னிடம் திருப்பி அனுப்பினாள். நடந்ததைக் கேட்டதிலிருந்து ஹெர்தீஸ் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். அவளும் என்னிடம் உன் கேள்வியைத்தான் கேட்டாள், ஒரு வார்த்தை மாறாமல்.

ஏன் அவளுடையதை வைத்துக்கொள்ள நினைத்தேன் என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். அது யாரும் படிக்காத புத்தகம்.

பிறந்ததிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் நீ போட்ட கோட்டு, நீ போட்ட பனிக்காலணி, நீ உட்கார்ந்து குழி விழுந்த சேணம். பரிசுக்கு வரும் புத்தகமும் நீ படித்துவிட்டு அனுப்புவதுதான். நான் முட்டாள் இல்லை. ஒவ்வொரு வருடமும் தெரியும். எங்கோ ஒரு பக்கத்தில் இலை ரொட்டியின் துகள் இருக்கும். அட்டையில் வேறு கைக்குட்டை எடுத்து வைத்துக்கொள், தோணியில் ஏறுகிறவனை நம்பாதே என்று எழுதி வைப்பாய். நான் அழும் முன்பே நீ அழுது முடித்திருப்பாய். உன் கால்தடத்திலேயே கால் வைத்துப் பனியில் நடக்கிற மாதிரி எத்தனை வருடம் படிப்பது? ஒருமுறையாவது ஒரு கதைக்குள் முதல் ஆளாகப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்காதா? பொறாமை உனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

கிறிஸ்துமஸ் இரவு நான் இரண்டையும் திறக்கவில்லை. எதைப் பிரிக்கிறேன் என்று ஹெர்தீஸ் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். பரிசுகள் பிரித்த இரவில் படிக்காமல் தூங்கியது என் ஆயுளில் அதுதான் முதல்முறை.

உன்னூர்

*

ஹோல்ட்
20 மே 1984

உன்னூர்,

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் ஆடுகள் குட்டி போடுகின்றன என்று வைத்துக்கொள். பிப்ரவரியில் எந்த ஆடும் குட்டி போடாது என்று நீ சொல்வாய். சரி, கோபமாக இருந்தேன்.

இஸ்திரிப் பெட்டி விஷயத்தில் எனக்கு வெட்கமில்லை. ஹால்லாவும் அப்படித்தான் செய்கிறாள், ஆசிரியர் வீட்டிலும் அதே கதைதான். கையைக் கழுவித் துடைத்து, புத்தகத்தைப் பாதிக்கு மேல் விரிக்காமல், முதுகு மடியாமல் படிக்கிறோம். கழுத்து வலி எங்களுக்குத்தான். இப்படிப் படித்ததைப் பழையது என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

ஆனால் நான் ஏன் முதலில் படிக்கிறேன் என்று நீ நினைப்பது தப்பு. உன்னை முந்திக்கொள்வதற்கு இல்லை.

ஆஸ்கெய்ர் நல்ல மனிதர். ஆடு வளர்ப்போர் சங்கத்து ஆண்டு மலரைத் தவிர அவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை. கிறிஸ்துமஸ் இரவு ஆறு மணிக்கு வானொலியில் தேவாலய மணியோசை கேட்டு, சாப்பிட்டு, பரிசைப் பிரித்ததும் அவர் நாற்காலியிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அப்போது நீ அங்கே புத்தகத்தைத் திறந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் வேகம் எனக்குத் தெரியும். நீ ஒரு வரியை இரண்டு தடவை படிப்பவள். நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து, இப்போது கப்பல் கிளம்புகிறது, இப்போது புயல், இப்போது அவளுக்கு அந்தக் கடிதம் கிடைக்கிறது, உன்னூர் மூக்கை உறிஞ்சுகிறாள் என்று கூடவே வந்துகொண்டிருப்பேன். என்ன வருகிறது என்று தெரியாமல் உன்கூட எப்படி வருவேன்? உன்னோடு உட்கார்ந்து படிக்க எனக்கு வேறு வழி இல்லை. நடுவில் இரண்டு மலைப்பாதை, இரண்டும் பனியில் மூடிக்கிடக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பதினோராம் அத்தியாயத்தில் உனக்காக நானும் கொஞ்சம் அழுதேன். நீ தலைவலி என்று தூங்கிக்கொண்டிருந்தாய் என்று பிப்ரவரியில்தான் தெரிகிறது. உன் கடிதத்தில் எனக்குச் சுட்டது அந்த வரிதான். கடையில் வரிசையே சிரித்தது இல்லை.

ஒரு கறுப்பு ஆட்டுக்கு மூன்று குட்டி. அதிக மகிழ்ச்சி இல்லை, ஒன்று பிழைக்காது.

ஸ்வாவா

*

ரெய்க்யவிக்
18 நவம்பர் 1984

அன்புள்ள அக்கா,

அக்டோபர் முழுக்க வேலைநிறுத்தம், தபாலே இல்லை. அதற்கு முன்பு எழுதாததற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. உன் மே மாதக் கடிதத்துக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். அந்த இரவு தூங்கியதற்காக இப்போதும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

இன்று புத்தகப் பட்டியல் வந்துவிட்டது. ஹெர்தீஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கோடைகாலத்தில் சமாதானம் ஆகிவிட்டோம். உனக்குக் கவிதை வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். காபிக் கெட்டில் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு சிரித்தாள். உனக்கு இந்த வருடம் நான் மட்டும் தனியாக உட்கார்ந்துதான் தேர்ந்தெடுக்கப் போகிறேன்.

ஒன்று மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நான் முதலில் படித்துவிட்டுத்தான் அனுப்புவேன். ஆறு மணிக்கு மணியோசை கேட்டதும் நீ திற. உன் வேகமும் எனக்குத் தெரியும், நீ இயற்கை வர்ணனை வந்தால் பக்கத்தைத் தாண்டிவிடுபவள்.

உன் உன்னூர்

*

ஹோல்ட்
10 டிசம்பர் 1984

உன்னூர்,

பார்சல் விமானத்தில் வருகிறது. அடியில் ஆட்டிறைச்சி, நடுவில் இலை ரொட்டி, மேலே புத்தகம். உறையைத் தடவிப் பார். நகத்தால் சுரண்டிப் பார். கடைக்காரப் பெண்ணிடமும் காட்டு.

படிக்கவில்லை. கிழக்குக் கரைப் பேய்க்கதைகள் என்று பட்டியலில் போட்டிருந்ததை மட்டும் நம்பி வாங்கியது. அது வீட்டில் இருந்த நாட்களில் நான் பட்ட பாடு ஆஸ்கெய்ருக்குத்தான் தெரியும். கடைசியில் அதை எடுத்து ஆட்டுக் கொட்டகையில் தீவனப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒருமுறை சாவியைக் கேட்டேன். அவர் தரவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என் பேச்சைக் கேட்காமல் இருந்தது அன்றுதான்.

வாழ்த்து அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. எழுத எனக்கு ஒன்றும் தெரியாது. நீயே முதலில் போ. அங்கே குளிருகிறதா, பேய் நல்ல பேயா என்று பிறகு எழுது.

ஸ்வாவா

*

ரெய்க்யவிக்
26 டிசம்பர் 1984

அன்புள்ள அக்கா,

உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். சர்ரென்று கிழிந்தது. புது மை வாசனை. முதல் பக்கம் விரலில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எவ்வளவு சுகமாக இருந்தது என்று மறைக்க மாட்டேன்.

மூன்றாவது கதையில் ஒரு படகோட்டி செத்தவனிடம் வாடகை கேட்கிறான். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, இந்த இடம் அக்காவுக்குத் தெரியாதே என்று நினைத்தேன். அங்கே உன் அடுப்பங்கரையில் நீ எந்தப் பக்கத்திலும் என்கூட இல்லை. அறை ஜில்லென்று ஆகிவிட்டது. ஹோர்துரிடம் சொல்லப் போனேன், அவர் மீனைவிட்டு வெளியே வரவில்லை. இந்த வருடம் ஹெர்தீஸ் கொடுத்தது ஒரு கம்பளிக் கையுறை. புத்தகம் கொடுக்கப் பயம் என்றாள்.

அடுத்த வருடம் நீ வழக்கம்போல் செய்துகொள். இஸ்திரியின் சூட்டை மட்டும் கொஞ்சம் குறை.

நான் அனுப்பிய மருத்துவச்சியின் வாழ்க்கைக் கதை எப்படி? ஆறு மணியிலிருந்து நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பனிப்பாலத்தில் அவள் குதிரை நிற்கிற இடத்தில், இப்போது ஸ்வாவா நகம் கடிக்கிறாள் என்று ஹோர்துரிடம் சொன்னேன். சரியா?

உன் உன்னூர்

*

ஹோல்ட்
3 ஜனவரி 1985

அன்புள்ள உன்னூர்,

சரி. நகம் கடித்தேன். கட்டைவிரல்.

ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைக் கேள். கிறிஸ்துமஸ் இரவு உன் பார்சலைப் பிரித்தேன், மருத்துவச்சி. அடியில் இன்னொரு பார்சல், ரெய்க்யவிக் முத்திரை, யார் என்று தெரியாத கையெழுத்து. பிரித்தால் அதுவும் மருத்துவச்சி. ஹெர்தீஸ் அனுப்பியிருக்கிறாள். சமாதானமாக இருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தாள். உன்னிடம் கேட்டுக்கொண்டு அனுப்பத் தோன்றவில்லை போலும். அவள் பிரதியின் உறை கண்ணாடி மாதிரி இருந்தது. உன்னுடையது பார்க்கச் சகிக்கவில்லை. உறை உருகி அட்டையில் ஒட்டி, மருத்துவச்சியின் முகம் பாதி சுருங்கிவிட்டது. மேலே ஒரு துணி போட்டுத்தான் இஸ்திரி போட வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லையா?

இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு ஆஸ்கெய்ரைப் பார்த்தேன். "எதைத் திறக்கப் போற?" என்றார். அவருக்குக்கூடப் புரிந்திருக்கிறது. போன வருடம் நீ எதற்காகத் தலைவலி என்று படுத்தாய் என்று எனக்கும் அப்போது புரிந்தது. எனக்குத் தலைவலி வரவில்லை. உன்னுடையதைத் திறந்தேன். நீ என்கூட வந்துகொண்டிருக்கிறாய் என்று தெரியும். முப்பதாம் பக்கத்தில் ஆரஞ்சுச் சாறு, நீதான். வழியெல்லாம் உன் குப்பைதான்.

நேற்று பாதை திறந்ததும் பால்மியின் கடைக்குப் போய் ஹெர்தீஸ் அனுப்பியதை மாற்றிவிட்டேன். ஹால்லா முதலிலேயே அங்கே வந்து காத்துக்கொண்டிருந்தாள். நான் எதை நீட்டுகிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். பால்மி அதைக் கையோடு ஆசிரியர் வீட்டுக்கு விற்றுவிட்டான். இனி கேட்டாலும் கிடைக்காது. போகட்டும், என் தங்கை படித்த புத்தகம் என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். கடைசி மூன்று அத்தியாயங்களை நேற்று சாயங்காலம்தான் படித்தேன்.

உன்னூர், அந்தப் பக்கங்களில் சிகரெட் வாசனை அடிக்கிறது. இருநூற்றுப் பத்தாம் பக்கத்தின் மடிப்பில் சாம்பல் இருக்கிறது. நீ புகைப்பதில்லை. ஹோர்துர் விட்டுப் பல வருடம் ஆகிறது.

எனக்கு முன்னால் இதைப் படித்தது நீ மட்டும்தானா?

போன் செய்யாதே. எழுது.

ஸ்வாவா